கடலில் இறங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) வகுப்பில் சேரப்போவதாக, அதைப் படித்துவிட்டு என் மனைவி “இந்த வயதிலா?” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022-இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் ஹவாயின் பைப்லைன் போட்டியை வென்றபோது அவருக்கு ஐம்பது வயது நிறையச் சில நாட்களே இருந்தன. என்ன, அவர் இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதியவர் அல்ல.

நீ அலைக்கும் சுறாவுக்கும் பயப்படுகிறாய். நான் உன் தோள்பட்டைக்குப் பயப்படுகிறேன். கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, பலகைமேல் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளுவதிலேயே போய்விடும். அலைமேல் நிற்பது நூற்றில் பத்துப் பங்குகூடத் தேறாது. மேசைமுன் கூன்போட்டு இறுகிப்போன மேல்முதுகு, குப்புறப் படுத்தால் நிமிர மறுக்கும். அந்த வேலையைக் கழுத்தும் இடுப்பும் ஏற்றுக்கொள்ளும். அந்த நிலையில் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் தோள்மூட்டில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் உரசிப் புண்ணாகும். உனக்குக் கல்லூரிக் காலத்தில் பந்து எறிந்து எறிந்து வந்த வலி வேறு இருக்கிறது. பயிற்சியாளரிடம் அதை மறைக்காதே.

ஆகவே மேல்முதுகிலிருந்து தொடங்கு. ஒரு துண்டைச் சுருட்டித் தோள்சப்பைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து, மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்குமேல் நீட்டு. பிறகு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி முகத்தை நோக்கி இழு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பவும் பழகு. தண்டால் எடுத்தால் போதும் என்று நினைக்கிறாய், தெரியும். படுத்த நிலையிலிருந்து துள்ளி எழத் தண்டால் உதவும்தான். ஆனால் அதை மட்டுமே செய்தால் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் மார்புத் தசை இன்னும் இறுகும். வகுப்புக்கு இரண்டு மாதம் முன்பாவது தொடங்கிவிடு. தசை வேகமாக வலுப்பெறும், தசைநார் அவ்வளவு வேகமாக வலுப்பெறாது. “இப்போது பலம் வந்துவிட்டது” என்று தோன்றும் கட்டத்தில்தான் என்னிடம் பலர் சிகிச்சைக்கு வருகிறார்கள், ஓட்டக்காரர்களும் பூப்பந்து ஆடுகிறவர்களும் உட்பட.

காலையும் விட்டுவிடாதே. குதிகால் தரையை விட்டு எழாமல் குந்த முடிகிறதா, பார். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகையில் அவ்வளவு லாகவமாக நிற்பதற்குக் கணுக்காலும் இடுப்பும் தடையின்றி மடங்குவதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் மிக் ஃபான்னிங்குக்கு 2004-இல் இந்தோனேசியக் கடலில் பின்தொடைத் தசை எலும்பை விட்டே பிய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து 2007-இல் உலகச் சாம்பியன் ஆனார். நமக்கு அந்த ஓய்வும் கிடையாது, அந்த மருத்துவக் குழுவும் கிடையாது. மண்டியிட்டு நில், உன் மனைவி கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும், உடம்பை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சாய். பின்தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. அவருக்கும் உன்னைக் கீழே தள்ள ஒரு வாய்ப்பு.

வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை அவரவர் பலகை பட்டு வருபவை. அலைக்கும் உனக்கும் நடுவில் பலகை நிற்க விடாதே. விழுந்தால் தலைகுப்புற விழாமல் உடம்பைப் பரப்பி விழு. மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. முதல் நாளில் வெகுநேரம் குப்புறப் படுத்து, முதுகை வில்லாக வளைத்தே வைத்திருந்த சிலருக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறது. எதிலும் மோதாமல், அடிபடாமல் வந்த பாதிப்பு. ஹவாய் மருத்துவர்கள் 2004-இல் இதை முதலில் விவரித்தார்கள். தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதால் வருகிறது என்று கருதுகிறார்கள். மிக அரிது. ஆனால் பெரும்பாலும் புதிதாகக் கற்பவர்களுக்கே வருகிறது. அலைக்குக் காத்திருக்கும்போது பலகைமேல் எழுந்து உட்கார்ந்துகொள், முதுகுக்கு இளைப்பாறல் கொடு. திடீரென்று முதுகு வலித்து, கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, “இன்னும் ஒரே ஒரு அலை” என்று நிற்காதே. நேராக மருத்துவமனைக்குப் போ.

இங்கே எல்லோரும் நலம். கடற்கரைச் சாலையில் காலை நடை தொடர்கிறது. முழங்கால் முனகுகிறது, நானும் விடுவதாக இல்லை. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை எப்போது என்று நீ எழுதவே இல்லையே?

வகுப்பு தொடங்கும் தேதியை எழுது. ரப்பர் பட்டையை நானே வாங்கி அனுப்புகிறேன். நீ கடைக்குப் போனால் இருப்பதிலேயே கெட்டியானதைத்தான் கேட்டு வாங்குவாய்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உன் பழைய அறைத் தோழன்