வரைபடத்தில் மாடு இல்லை

இலங்கை மலையக வீடமைப்புத் திட்டங்களை வரைகிற அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போக ஆசைப்படாதவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. நாங்களும் போய்விட்டோம். 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணி, அறைகள், குசினி எல்லாம் சரி. மாட்டுக்குத்தான் இடமில்லை.

லயத்துக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே எங்கள் கொட்டகை இருந்தது. கருங்கல் பாவிய தரை சற்றுச் சாய்வாக இருக்கும். மூத்திரம் தானாக ஓடிக் குழியில் விழும். கறவை மாடு நாளைக்கு 30, 40 கிலோ பச்சைப்புல் தின்னும். பறித்த கொழுந்தை எடை போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவார் அம்மா. பொழுது சாய்ந்தால் ஈக்குப் புகை போடுவார். கறக்கும் முன் கன்றை அவிழ்த்து நாலு வாய் குடிக்க விடுவார். மடி இறங்கியதும் கன்றைத் தாயின் முன்னங்காலோடு கட்டுவார். அது கன்றை நக்கிக்கொண்டே நிற்கும். ஒரு காம்பு எப்போதும் கன்றுக்குத்தான். சம்பளம் தீர்ந்த பிறகு அரிசி வாங்கியது பால் காசில்.

2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது, மரக்கறித் தோட்டக்காரர்கள் சாணி கேட்டு லயத்துக்கே ஏறி வந்தார்கள். அப்போது எங்கள் மாட்டுக்கு இருந்த மரியாதையே வேறு!

புது வீட்டில் கொட்டகை போட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வரும். அவர்கள் முகம் சுளித்ததில் தப்பில்லை. சினை மாட்டை வந்த விலைக்கு விற்றோம். கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆளுக்கொரு கொட்டகை கேட்கவில்லை. இருபது வீட்டுக்குப் பொதுவாக, குடிதண்ணீர் ஊற்றுக்குக் கீழே, வீடுகளிலிருந்து தள்ளி ஒரு துண்டு நிலம், ஒரு குழாய், ஒரு சாணிக்குழி போதும். நிர்வாகங்களிடம் கேட்பது புல். மீள்நடுகைக்கு முன் மண் தேற நீங்கள் வளர்க்கும் மானாப்புல்லில் கை வைக்க மாட்டோம், அது மண்ணுக்குரியது. தேயிலை ஏறாத சரிவுகளில் நாங்களே புல் நட்டுக்கொள்ள விடுங்கள். அப்புறம், எந்தத் தேயிலை மலைக்குக் களைமருந்து அடிக்கப்போகிறீர்கள் என்பதை முதல்நாள் பெரட்டிலேயே, காலையில் வேலை பிரிக்கும்போதே, சொல்லிவிடுங்கள்; அங்கே புல் அறுக்க மாட்டோம்.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் அடுத்த வீடுகளுக்கு முளை அடிக்கிறார்கள். அங்கே ஏழு குடும்பங்களிடம் மாடு இருக்கிறது. கோடு போடுவதற்கு முன் ஒருதடவை வந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு வந்தால் கறக்கிற நேரம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டவாசி