கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையில 39, மாநிலங்களவையில 18, ஆக 57 பேருக்கும் வணக்கம்.

வெளிநாட்டோட வர்த்தக ஒப்பந்தம் போட நம்ம நாட்டுல பார்லிமென்ட்ல ஓட்டெடுப்பே தேவையில்ல, மத்திய அமைச்சரவை சரின்னா போதும், அதுக்கப்புறம் அதை அமல்படுத்த சட்டம் வேணும்னா அரசியல் சட்டத்துல 253வது பிரிவு இருக்கு, மாநிலப் பட்டியல்ல இருக்கற விஷயத்துலயும் டெல்லியே சட்டம் போட்டுக்கலாம். விவசாயம் மாநிலப் பட்டியல்லதான் இருக்கு. ஆனா 2009ல ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்போட போட்ட ஒப்பந்தத்துல டீ, காபி, மிளகு, பாமாயில் எல்லாத்துக்கும் இறக்குமதி வரியை படிப்படியா குறைக்கறோம்னு ஒத்துக்கிட்டப்போ, கோத்தகிரியில பச்சைத் தேயிலை பறிச்சு ஃபேக்டரிக்கு போடற சின்ன விவசாயிகிட்ட யாரு கேட்டா? கேரளாவுல ஆளுங்கட்சியே மனிதச் சங்கிலி நடத்துச்சு, அதுவும் கையெழுத்து போட்டு முடிஞ்ச பிறகுதான்.

நிசான் கேஸ் ஞாபகம் இருக்கும். ஒரகடம் கார் ஃபேக்டரிக்கு 2008ல தமிழ்நாடு அரசு ஒத்துக்கிட்ட சலுகைப் பணம் பாக்கின்னு தகராறு. 2017ல அவங்க இந்தியா ஜப்பான் ஒப்பந்தத்தை காட்டி சர்வதேச நடுவர் மன்றத்துக்கு போயி 5,000 கோடிக்கு மேல கேட்டாங்க, 2020ல சமரசமா முடிஞ்சுது. பாக்கி இருந்தா குடுக்கத்தான் வேணும், அது வேற பேச்சு. ஆனா சென்னையில எடுத்த முடிவை நம்ம கோர்ட்டுக்கு வெளிய விசாரிக்கலாம்னு வழி விட்டது 2011ல வந்த அந்த ஒப்பந்தம், அதுக்கு நம்ம சட்டசபையோட சம்மதம் வேணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

பெல்ஜியத்துல வலோனியான்னு ஒரு மாநிலம், ஜனத்தொகை சுமார் 36 லட்சம், நம்ம கோயம்புத்தூர் ஜில்லா அளவுதான். 2016 அக்டோபர்ல ஐரோப்பிய யூனியன் கனடாவோட போட இருந்த ஒப்பந்தத்தையே அந்த மாநில சட்டசபை நிறுத்தி வெச்சுது. விவசாயிங்க பாதிக்கப்படுவாங்க, கம்பெனிங்க அரசு மேல கேஸ் போடும்னு ரெண்டு பயம். கூடுதல் உறுதிமொழி எழுத்துல வாங்கி, கம்பெனிங்க அரசு மேல போடற கேஸை விசாரிக்க ஒப்பந்தத்துல சொன்ன முதலீட்டு நீதிமன்றம் ஐரோப்பிய சட்டத்துக்கு ஒத்து வருமான்னு ஐரோப்பிய யூனியனோட நீதிமன்றத்துகிட்ட கேட்கவும் ஒத்துக்க வெச்ச பிறகுதான் விட்டாங்க. ஒப்பந்தமும் நின்னு போகல, அந்த மாசம் 30ம் தேதி கையெழுத்தாச்சு. ஏழு கோடிக்கு மேல இருக்கற நமக்கு அதுல ஒரு பங்கு உரிமை கூட இல்லைங்கறதை என்னால ஏத்துக்க முடியல.

2025 ஜூலையில பிரிட்டனோட போட்ட ஒப்பந்தத்தையே எடுத்துக்குங்க, அங்க அதை பார்லிமென்ட்ல 21 அமர்வு நாள் வெச்சாகணும்னு 2010லயே சட்டம் இருக்கு, இங்க அப்படி ஒண்ணும் கிடையாது. திருப்பூர் பனியன் அங்க வரி இல்லாம போகுதுன்னா எனக்கும் சந்தோஷம்தான், நான் வர்த்தகத்துக்கு எதிரி இல்ல. பேச்சுவார்த்தையில நடக்கற ஒவ்வொண்ணையும் வெளிய சொல்லுங்கன்னும் கேக்கல. முடிவான வரைவை மட்டும் கையெழுத்துக்கு முன்னாடி பார்லிமென்ட்ல வைங்க, மாநிலப் பட்டியலை தொடற பகுதியை அந்தந்த சட்டசபைக்கு அனுப்புங்க.

இதுக்கு அமைச்சரா இல்லாத எம்.பி.யே கொண்டு வர்ற ஒரு தனிநபர் மசோதா போதும், ஆரம்பிக்கவாவது. கட்சி பாக்காம 57 பேரும் பேசி, வர்ற கூட்டத்தொடர்லயே நோட்டீஸ் குடுங்க.

இப்படிக்கு,
உங்க தொகுதி வாக்காளர் ஒருத்தர்