பால் வராத எருக்கு

அன்புள்ள மல்லிகா,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை உன் தம்பி சொன்னான். அப்போதே எழுதியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. இவரும் பையனும் சுகம். சரி, இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாம்பாரைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு தண்டவாளத்து ஓரம் ஒரு ஆரஞ்சுப் பூவைப் பார்த்தேன் என்று போனில் சொன்னேனே, "உன்னிப்பூவைப் பார்க்கவா அமெரிக்காவுக்கு, இல்லினாய் வரை போனாய்?" என்று சிரித்தாய். தூரத்தில் எனக்கும் உன்னி மாதிரிதான் தெரிந்தது. கிட்டே போனால் தண்டில் முள் இல்லை, மெல்லிய முடி. இலையைக் கசக்கினால் உன்னியின் அந்த நெடியும் இல்லை. பூவை உற்றுப் பார்த்தேன். ஐந்து இதழ்கள் கீழே மடங்கி, நடுவில் ஐந்து குட்டிக் கிண்ணங்கள் நிமிர்ந்து நின்றன. பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் மாலை கட்டிய எருக்கம்பூவின் கிரீடமேதான், அளவு மட்டும் சுண்டுவிரல் நகம்! உடனே இலையைக் கிள்ளினேன். பால் வரவில்லை. தண்ணீர் மாதிரி கசிந்தது. எருக்கில் பால் இல்லாமல் இருக்குமா? அன்று இரவு தூக்கமே இல்லை.

நூலகத்துப் புத்தகத்தில்தான் விடை கிடைத்தது. பட்டர்ஃப்ளை மில்க்வீட், அஸ்கிலீபியாஸ் ட்யூபரோசா. எருக்கின் குடும்பமேதான். மற்ற மில்க்வீட்களுக்குப் பொதுவாகப் பால் உண்டு, இதற்குக் கிடையாது. இலைகளும் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வரும்.

அடுத்த கோடையில் மறுபடி போனேன். தண்டவாளம் நெடுகக் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். எல்லாம் கருகிக் கிடந்தது. அங்கேயே நின்று அழுதேன், மல்லிகா. இந்த இல்லினாய் மாநிலத்துக்குப் பட்டப்பெயரே புல்வெளி மாநிலம். 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்த ஊர் இது. 1837-ல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்ததும் இங்கேதான். அதன் பிறகு உழுது உழுது, பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதும் பழைய கல்லறைத் தோட்டம், ரயில் பாதை ஓரம் என்று துண்டு துண்டாகத்தான். அதையும் கருக்கிவிட்டால்?

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பொட்டலம் விதை வாங்கினேன். ஈர மணலில் பிசறி, ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தேன். ஒரு பனிக்காலத்தைக் கடந்தால்தான் அந்த விதை கண் விழிக்கும். எங்கள் தோட்டம் களிமண், தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் மணல் கலந்து மேடு கட்டி, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் விதைத்தேன். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது கஷ்டம். போன வருடம் ஐந்து செடி தேறியது. ஒரு சாண் உயரம்தான், பூ இல்லை.

இந்த மே மாதம் பக்கத்துப் பாத்தியெல்லாம் முழங்கால் உயரம் வளர்ந்தாயிற்று, என் மேடு மட்டும் வெறும் மண். "செத்துப் போச்சு, தக்காளி வைக்கலாம்" என்று இவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். நாலு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் குச்சி நட்டுச் சிவப்பு நூல் கட்டினேன். மே கடைசியில் ஐந்து குச்சிக்கும் பக்கத்தில் முளை! எல்லாருக்கும் பின்னால்தான் எழுந்திருக்குமாம். கல்லூரிக்கு நீ வருவாயே, அப்படி.

போன வாரம் பூத்தது. செவ்வாய்க்கிழமை ஒரு மோனார்க் வண்ணத்துப்பூச்சி சுற்றிச் சுற்றி வந்தது. இன்று காலை இலைகளைத் திருப்பிப் பார்க்கிறேன், குண்டூசித் தலை அளவில் வெளுத்த முட்டைகள். ஆறு! நாலைந்து நாளில் புழு வந்துவிடும். இலையெல்லாம் தின்னட்டும், அதற்குத்தானே வளர்த்தேன். இவற்றின் பிள்ளைகள் செப்டம்பரில் மெக்சிகோ மலைக்குப் புறப்படும், ஏறக்குறைய 3000 கிலோமீட்டர்.

காய் வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரியே பறக்கும். உனக்கு விதை அனுப்ப ஆசைதான், ஆனால் சட்டம் விடாது.

குளத்தங்கரை எருக்கு இன்னும் இருக்கிறதா? அதில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும், மோனார்க்குக்கு நெருங்கிய சொந்தம். வெயில் ஏறுவதற்குள் போய், இலைக்கு அடியில் பார்த்து எனக்கு எழுது.

உன்,
வசந்தா