பாறையில் எழுதியவர்கள்

அன்புள்ள கயலுக்கு,

உன் மின்னஞ்சல் வந்தது. "எங்கள் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது அப்பா. அன்றைக்கு அழுதவர்கள், கத்தியவர்கள், சண்டை போட்டவர்கள் யாரையும் இப்போது காணோம். எல்லாமே வேஷம்" என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. ஆனால் 'எல்லாமே வேஷம்' என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், நான் குரலை உயர்த்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்த காலத்தில் இந்த மாதிரிச் செய்திகள் எப்படி வரும், எப்படி மறையும் என்று கிட்டத்தில் இருந்து பார்த்தவன் நான். 2007 ஏப்ரல் 16, அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். அங்கே காலை 9.40 வாக்கில் நாரிஸ் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்தில் ஒரு மாணவன் சுட ஆரம்பித்தபோது இங்கே இரவு ஏழு தாண்டியிருந்தது. முதல் பதிப்புக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தோம். ஏஜென்சிச் செய்தியில் ஒருவர் பலி என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. கடைசியில் 32 பேர், சுட்டவனைச் சேர்த்தால் 33. எண் ஏற ஏற எங்கள் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?"

முகம் சுளிக்காதே. சாவுச் செய்தி வந்தால் 'யாரு, எந்த ஊரு' என்று கேட்காத மனிதர் உண்டா? நம் ஆள் ஒருவர் இருந்தார். பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், நீரியல் சொல்லிக்கொடுத்தவர், வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். அடுத்த நாள் இங்கே அது அமெரிக்கச் செய்தியாக இல்லை, நம் வீட்டுச் செய்தியாகிவிட்டது. அதே கட்டடத்தில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவர், கதவை அடைத்தபடி நின்று மாணவர்களை ஜன்னல் வழியாகக் குதிக்கச் சொல்லிவிட்டு இறந்துபோனார். இஸ்ரேலில் அவர்தான் செய்தி. அந்தக் கட்டடத்துக்குள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதில் ஒவ்வொரு நாடும் தன் ஆளைத் தேடி எடுத்துக்கொண்டு அழுதது. அந்த அழுகை குறுகலானதுதான். பொய்யானது இல்லை.

நான் கவலைப்படுவது இன்னொரு கேள்வியைப் பற்றி: சுட்டவன் யார் ஆள்? முதல் நாளே சீன மாணவன் என்று ஒரு செய்தி ஓடியது. அது தப்பு. மறுநாள் போலீஸ் சொன்னது, தென் கொரியாவில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து வளர்ந்தவன் என்று. உடனே என்ன ஆனது தெரியுமா? கொரியாவின் அதிபர் இரங்கல் மேல் இரங்கல் தெரிவித்தார். வாஷிங்டனில் இருந்த கொரியத் தூதர், இறந்தவருக்கு ஒரு நாள் என்று 32 நாள் உண்ணா நோன்பு இருக்கலாம் என்று தன் சமூகத்தாரிடம் சொன்னார். ஒரு பையன் செய்ததற்கு ஒரு தேசமே தலை குனிந்தது. அமெரிக்கர்கள் பலருக்கு அது விளங்கவே இல்லை. "இதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்கு விளங்கியது. நம் தெருவில் ஒரு பிள்ளை தப்பு செய்தால் அவன் சித்தப்பா ஒரு மாதத்துக்கு டீக்கடைப் பக்கம் போகமாட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலைகுனிவில் பயமும் கலந்திருந்தது: நம் பிள்ளைகளை யாராவது அடித்துவிடுவார்களோ என்று. சுட்டவன் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் எந்தத் தூதரும் நோன்புக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார். அவன் 'தனி ஆள், மனநோயாளி' என்று கணக்கு முடிந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கல். வளாகத்து மைதானத்தில் மாணவர்களே அந்தப் பகுதிச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கற்களைக் கொண்டுவந்து, இறந்தவர்களுக்காக அரைவட்டமாக அடுக்கினார்கள். 32 கல். பிறகு ஒரு மாணவி 33ஆவது கல்லையும் வைத்தாள், சுட்டவனுக்காக. அதை யாரோ எடுத்துவிட்டார்கள். திரும்ப வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் பூ வைத்தவர்களும் உண்டு, அதைப் பார்த்துக் கொதித்தவர்களும் உண்டு. அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அதே ஆகஸ்டில் பல்கலைக்கழகம் நிரந்தர நினைவிடம் திறந்தபோது அதில் 32 கற்கள்தான் இருந்தன. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தக் கல்லை நான் வைத்திருக்க மாட்டேன். வைத்தவளைத் திட்டவும் மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கல்லை எட்டி உதைத்திருந்தால், அவளையும் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் தொழில் செய்ததையும் சொல்ல வேண்டும். அவன் அன்று காலை விடுதியில் செய்த முதல் கொலைகளுக்கும் நாரிஸ் ஹால் தாக்குதலுக்கும் நடுவே தபாலாபீசுக்குப் போய், தன் வீடியோவையும் படங்களையும் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அனுப்பியிருந்தான். இரண்டு நாள் கழித்து அது போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே காட்டினார்கள். இரண்டு கையிலும் துப்பாக்கியோடு அவன் நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது. இறந்தவர்களின் குடும்பங்களில் சிலர் அந்த டிவிக்குப் பேட்டி தருவதாக இருந்ததை ரத்து செய்தார்கள். அந்தக் குடும்பங்கள் செய்ததுதான் எனக்குச் சரி. 2015 அக்டோபரில் ஓரிகனில் உம்ப்குவா கல்லூரியில் 9 பேர் கொல்லப்பட்டபோது, அந்த ஊர் ஷெரிஃப் சுட்டவன் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார். நானும் இந்தக் கடிதத்தில் எவன் பெயரையும் எழுதப்போவதில்லை.

அன்று ஒபாமா பேசியது நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளியில் இருந்தாய். நினைவும் பிரார்த்தனையும் மட்டும் போதாது என்றார். இது வழக்கமாகிவிட்டது, செய்தி வருவதும் வழக்கம், இந்த மேடையில் நான் பேசுவதும் வழக்கம் என்றார். அடுத்த வாரம் ஆறுதல் சொல்ல அந்த ஊருக்குப் போனபோது, துப்பாக்கி உரிமைக்காரர்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரார்த்தனை என்று சொல்பவர்களைப் பார்த்தால் உனக்கு எரிகிறது, தெரியும். செனட்டர் ஒருவர் அதே சொற்களை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் எனக்கும் எரியும். ஆனால் உன் ஆய்வகத்துக்கு வந்து பெருக்கும் அந்த அம்மாள் உன் கையைப் பிடித்து "உனக்காக ஜெபம் பண்ணினேன்" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த அம்மாளையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதே. சட்டம் கொண்டுவரும் அதிகாரம் அவரிடம் இல்லை. இருந்ததைக் கொடுத்தார்.

இப்போது உன் ஈஸ்ட் லான்சிங் விஷயம். உங்கள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் சுட ஆரம்பித்தபோது 2023 பிப்ரவரி 13 இரவு அங்கே 8.18. இங்கே மறுநாள் காலை, நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அறைக்குள் பத்திரமாக இருக்கிறேன், போன் பண்ணாதீர்கள், சத்தம் கேட்கும்" என்று நீ அனுப்பியதைப் பார்த்து அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள், நான் மறந்துபோய் அழைத்துவிடுவேன் என்று. சுட்டவன் செத்துவிட்டான் என்று போலீஸ் சொல்லும்வரை நாலு மணி நேரம். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு வராது. அந்த நேரத்தில் போலீஸ் ரேடியோவை நேரலையில் கேட்டுக்கொண்டு 'இங்கே சத்தம், அங்கே இன்னொருவன்' என்று தெரிந்ததையும் தெரியாததையும் ஆயிரக்கணக்கானோர் பரப்பினார்கள். ஒளிந்திருந்தவர்களை அது இன்னும் பயமுறுத்தியது என்று நீயே சொன்னாய். வேஷம் என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம். அதில்கூடப் பாதிப் பேர் பதறிப்போன பெற்றோராகத்தான் இருந்திருப்பார்கள்.

உங்கள் வளாகத்தில் மாணவர்கள் சாயம் பூசி எழுதும் அந்தப் பாறையின் கதையை நீ கோபமாகச் சொன்னாய். முதலில் 'இன்னும் எத்தனை பேர்?' என்று யாரோ எழுதினார்கள். ஒரு நாள் தாங்கவில்லை. அதன் மேலேயே 'எங்களைத் தற்காத்துக்கொள்ள விடுங்கள், வளாகத்தில் துப்பாக்கி வைத்திருக்க விடுங்கள்' என்று வேறு யாரோ எழுதினார்கள். அதன் மேல் மறுபடி பூசி, இறந்த மூன்று மாணவர்களின் பெயரை எழுதினார்கள். இரண்டாவது ஆள் எழுதியதுதான் உனக்கு ஆறவில்லை. எனக்கும் அந்தக் கருத்து ஒப்பவில்லை. டெக்சாஸில் வளாகத்துக்குள் துப்பாக்கி அனுமதிக்கும் சட்டம் 2016 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தது. ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டுத் தள்ளிய நாளிலிருந்து சரியாக 50 வருடம். அன்று, 1966இல், ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் ரைஃபிளை எடுத்து வந்து கீழேயிருந்து மேலே சுட்டார்கள். அவன் தலை தூக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் ஒரு சாரார் சொல்கிறார்கள். மேலே ஏறிப்போன போலீஸ்காரர்களுக்கு அந்தக் குண்டுகளே ஆபத்தானது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். நடந்தது ஒன்றுதான், இரண்டு பேருக்கும் அதுவே சாட்சி. நான் இரண்டாவது கட்சி. இருந்தாலும் அந்தப் பாறையில் எழுதியவனும் அன்று இரவு ஏதோ ஒரு அறையில் மேஜையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவனாக இருக்கலாம், கயல். வெறுங்கையோடு இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் சொல்லும் வழி தப்பு என்று வாதாடு. அவன் பயத்தைப் பொய் என்று சொல்லாதே.

சரி, 'யாரும் ஒன்றும் செய்யவில்லை' என்கிறாயே, அதற்கு வருகிறேன். வர்ஜீனியா டெக்கில் காலை ஏழேகாலுக்கு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அதற்குள் பலர் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான், 2008இல், ஆபத்து உறுதியானதும் உடனே எச்சரிக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்கான சட்டத்திலேயே சேர்த்தார்கள். உன் போனில் 'ஓடு, ஒளி, எதிர்த்துப் போராடு' என்று செய்தி வந்து விழுந்ததற்குப் பின்னால் அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறது. வர்ஜீனியா டெக்கில் சுட்ட அந்தப் பையன் தனக்கே ஆபத்தானவன், சிகிச்சை பெற வேண்டும் என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றத்தில் உத்தரவாகியிருந்தது. அந்தத் தகவல் துப்பாக்கிக் கடைக்காரர் பார்க்கும் பட்டியலுக்குப் போகவே இல்லை. வர்ஜீனியா ஆளுநர் அதே மாதக் கடைசியில் அந்த ஓட்டையை அடைத்தார். அடுத்த ஜனவரியில் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம், மாநிலங்கள் அந்தப் பதிவுகளை ஒழுங்காக அனுப்புவதற்கு வழி செய்தது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் என்.ஆர்.ஏ. சங்கமும் ஆதரித்த சட்டம் அது. யாரும் தெருவில் கொண்டாடவில்லை. பதிவேடு சரிசெய்வது யாருக்கு ஆனந்தம் தரும்?

உன் ஊரிலும் அப்படித்தான். சம்பவம் நடந்த மூன்றாம் நாள் மாணவர்கள் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் சட்டமன்றப் படிக்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் ஆளுநர் விட்மர், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் சட்டத்திலும், வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். மே மாதம், ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்றத்தைக் கேட்டுத் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டம். அது அமலுக்கு வந்த தேதி 2024 பிப்ரவரி 13. நீ எனக்கு எழுதிய அதே வாரம். உங்கள் மிச்சிகனிலேயே உள்ள ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021இல் நாலு பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பேச்சாகவே கிடந்த விஷயங்கள் இவை. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து இரண்டு அவையும் ஆளுநரின் ஜனநாயகக் கட்சி கைக்கு வந்ததால்தான் நகர்ந்தது என்பதும் உண்மை. அழுதால் மட்டும் சட்டம் வராது, எண்ணிக்கை வேண்டும். எதிர்த்தவர்கள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது: உங்கள் வளாகத்தில் சுட்டவன் மேல் 2019இலேயே அனுமதியில்லாமல் துப்பாக்கி மறைத்து வைத்திருந்த வழக்கு இருந்ததே, அதை ஏன் சின்னக் குற்றமாகச் சுருக்கி முடித்தீர்கள், இருக்கிற சட்டத்தை முதலில் ஒழுங்காகப் போடுங்கள் என்று. அதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொன்னதாக நான் படிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், காணோம் என்று நீ நினைப்பவர்களில் கொஞ்சம் பேர் ஏதாவது குழுக் கூட்டத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீ தேடும் இடத்தில் அவர்கள் இல்லை.

உன் முதலாண்டு மாணவி ஒருத்தி கதவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உட்காரச் சொல்லாதே. காரணம் கேட்காதே, வேறு யாரும் கேட்கவும் விடாதே. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த இரவுக்கு முன்னாலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தடவை ஒளிந்திருந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். உன் வகுப்பில் யார் எதைச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. தேர்வு நாளில் மட்டும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்.

கடைசியாக, அத்தை. "அவளைத் திரும்பி வரச் சொல்லு, அங்க என்ன கொட்டிக் கிடக்கு" என்று வாரம் தவறாமல் எனக்குப் போன். நீ படிப்பை முடி என்றுதான் நான் சொல்வேன், அது உன் முடிவு. ஆனால் அத்தைக்கு என் பதில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை நீயே பேசிவிடு. சட்டம், புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம், என்ன சமைத்தாய் என்று சொல்லு போதும். அம்மா கேட்ட வைட்டமின் மாத்திரை பெயரையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா