பதில் சொல்ல ஓர் ஆள் வையுங்கள்

வட சென்னையில் இளைஞர்களுக்கான திட்டங்களை நடத்தும் அரசு அலுவலர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களிலும் இளைஞர்களுக்கென்று நடக்கும் வேலைகள் இன்று குறைவில்லை. அரசின் நான் முதல்வன் திட்டம் வழியாகத் திறன் பயிற்சி, போட்டித் தேர்வுப் பயிற்சி, முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், காவல் சிறார் மன்றங்கள், மனநல ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் கணக்குகளும் உண்டு. கொருக்குப்பேட்டையில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு அந்தக் கணக்குகளைப் பார்ப்பது அன்றாட வேலை. எந்தப் பிள்ளைக்கு எது கிடைக்கும், கடைசித் தேதி எப்போது என்று தேடிச் சொல்வது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. அதனால்தான் உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். பதிவு போட ஆள் வைத்திருக்கிறீர்கள். அதன் கீழே வரும் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் வையுங்கள்.

பெரும்பாலான பதிவுகளில் நான் பார்ப்பது குத்துவிளக்கு, சால்வை, சான்றிதழோடு வரிசையாக நிற்கும் பிள்ளைகள். நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் படங்கள் அவை. இப்படி நடந்தது என்று மேலிடத்துக்குக் காட்டத்தான் அவை பயன்படும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்படியும் அவன் கேட்கிறான். "அண்ணா, டென்த் பெயில் ஆனவங்க சேரலாமா?", "பீஸ் எவ்ளோ?", "லேடீஸுக்குத் தனி பேட்ச் இருக்கா?", "மிண்ட்ல இருந்து எந்த பஸ்?" இந்தக் கேள்விகள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. அதற்குள் அடுத்த விழாவின் படம் மேலே வந்துவிடுகிறது.

இந்தக் கேள்விகளைச் சின்னதாக நினைக்காதீர்கள். பத்தாவதில் தோற்ற பையன் ஓர் அலுவலகத்துக்குள் போய், மேசைக்கு முன்னால் நின்று, தான் தோற்றதைச் சொல்ல மாட்டான். எந்த ஏரியா, அப்பா என்ன செய்கிறார், ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்பார்களோ என்று பயம். போனில் கேட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவன் தைரியத்தையெல்லாம் திரட்டி எழுதிய ஒரு வரி அது. அதற்கு மௌனமே பதிலாக வந்தால், இதுவும் நமக்கானது இல்லை என்று முடிவு செய்துவிடுகிறான். அந்த முடிவை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது பிள்ளைகளோடு பழகும் எவருக்கும் தெரியும்.

புதுமைப்பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 5 அன்று அது தொடங்கப்பட்டது நம் பகுதியில், பாரதி மகளிர் கல்லூரியில். மாதம் 1000 ரூபாய். பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் பெண்களுக்கும் உண்டு. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது. வட சென்னையில் உதவிபெறும் பள்ளிகள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் அது காலேஜ் பொண்ணுங்களுக்கு, அது கவர்மெண்ட் ஸ்கூலுக்கு என்று விலகி நிற்கும் பெண்களை நான் பார்க்கிறேன். திட்டத்தின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. எனக்குக் கிடைக்குமா என்பதுதான் தெரிவதில்லை. அதைச் சுவரொட்டி சொல்லாது. ஒரு மனிதர் கேட்டுத்தான் சொல்ல முடியும்: நீ எங்கே படித்தாய், எந்த மீடியம், இப்போது எதில் சேர்ந்திருக்கிறாய்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பதில் சொல்லாத இடத்தில் வேறு யாரோ சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை, நாளைக்கு 2000 ரூபாய் என்று டெலிகிராமில் வருபவன் ஒரு நிமிடத்தில் பதில் எழுதுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், சந்தேகம் கேட்டால் பொறுமையாக விளக்குகிறான். கடன் செயலிக்காரனும் சூதாட்டச் செயலிக்காரனும் அப்படித்தான். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களில் பலரை முதலில் பிடித்ததும் ஒரு சமூக ஊடகச் செய்திதான். ஏமாற்றுபவன் இவ்வளவு அக்கறையாகப் பேசும்போது, உண்மையான பயிற்சியும் உண்மையான உதவித்தொகையும் வைத்திருக்கும் நாம் பேசாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது. கோபமும் வருகிறது.

எந்த நேரத்தில் பதில் சொல்வது என்பதும் முக்கியம். பதிவுகள் காலை பதினொரு மணிக்கு வருகின்றன. அப்போது காசிமேட்டுப் பையன் மீன் ஏலம் முடிந்து அசந்து தூங்குகிறான். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போனவன் ஷிப்டில் இருக்கிறான். ஸ்விக்கி, சொமேட்டோ ஓட்டுபவன் சாலையில் இருக்கிறான். இவர்கள் போனைக் கையில் எடுப்பது இரவு ஒன்பது, பத்து மணிக்கு. அதற்குள் அன்றைய டேட்டாவும் தீரும் நிலையில் இருக்கும். எட்டுப் பக்கப் பிடிஎஃப் சுற்றறிக்கையை யார் இறக்குவார்கள்? ஒரே படத்தில், பெரிய எழுத்தில், யார் வரலாம், என்ன கொண்டு வர வேண்டும், எங்கே இறங்க வேண்டும், யாருக்கு வாட்ஸ்அப் செய்ய வேண்டும் என்று இருந்தால் போதும். அந்த எண்ணில் மாலை ஆறு முதல் பத்து வரை ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தானியங்கிப் பதில் வேண்டாம். எண் 1 அழுத்துக, எண் 2 அழுத்துக என்று கேட்டுக் கேட்டு எல்லோரும் சலித்துப்போய்விட்டோம்.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. பல வீடுகளில் போன் ஒன்றுதான், அது அண்ணன் கையில் அல்லது அப்பா கையில். சொந்தக் கணக்கு வைத்திருக்கும் பெண்கூட முகப்படத்தில் ஒரு பூவையோ நடிகையையோ வைத்திருப்பாள். உங்கள் பதிவின் கீழே அவள் பெயரோடு கேள்வி எழுத மாட்டாள், யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. அவளை எட்டும் வழி அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், மகளிர் குழுவின் வாட்ஸ்அப் குழு, தையல் கடை அக்கா. இன்ஸ்டாகிராமில் இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டும்போது, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம் அவளது படத்தைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். பயிற்சி வகுப்பில் எடுத்த ஒரு குழுப் படம் வெளியே வந்ததால், மறுநாளே வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் போட்ட படம்தான் அது.

படம் என்றால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்று பயந்து, சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் பையன்கள் இங்கே இருக்கிறார்கள். சினிமாவும் செய்தியும் எங்கள் தெருக்களைக் கத்தியோடு சேர்த்தே காட்டிப் பழகிவிட்டன. நீங்களும் "குற்றப் பின்னணியிலிருந்து மீட்கப்பட்ட இளைஞர்கள்" என்று தலைப்பிட்டுப் படம் போட்டால், அது அவன் கூகுள் தேடலில் வாழ்நாள் முழுவதும் நிற்கும். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம். குத்துச்சண்டை கற்கும் பையனைக் குத்துச்சண்டை வீரனாகக் காட்டுங்கள். வேறு அறிமுகம் அவனுக்குத் தேவையில்லை.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் எங்கள் புது வண்ணாரப்பேட்டைக் காசிமா மூன்று தங்கம் வென்றபோது, ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்று ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் பகிர்ந்தார்கள். மறுநாள் என்னிடம் அவர்கள் கேட்டது, "கேரம் எங்க சொல்லித் தராங்க சார், நாங்க சேரலாமா?" என்பதுதான். வாழ்த்துப் படம் போட்ட ஒவ்வொரு கணக்கும் அதன் கீழே ஒரு மையத்தின் முகவரியையும் நேரத்தையும் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சரி, யார் பேசுவது? விளம்பர நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள். அவர்கள் மெட்ராஸ் பாஷை என்று நினைத்து எழுதுவது எங்களைக் கிண்டல் செய்வதுபோல இருக்கிறது, பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கானா பாடிக் காணொளி போடும் பையன்கள், கால்பந்துப் போட்டியை நேரலையில் காட்டும் பையன்கள், போனிலேயே அழகாக எடிட் செய்யும் பெண்கள் எங்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, கையிலும் வலையிலும் படகிலும் கறுப்பாக ஒட்டியிருந்ததை ஊருக்குக் காட்டியதில் போன் காணொளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எது முக்கியம், எப்படிச் சொல்வது என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மண்டலத்துக்கு இரண்டு பேரை எடுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாதச் சம்பளம் கொடுங்கள். தன்னார்வம் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள், அந்த வயதில் வீட்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுப்பது பெரிய விஷயம். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கையெழுத்து வாங்க வேண்டும் என்று வைத்தால் அவர்கள் ஒரு மாதத்தில் ஓடிவிடுவார்கள்.

ரீல்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது, நாமும் அங்கே போக வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டுக் கைதான பிள்ளைகளின் அம்மாக்களோடு நானும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது பிள்ளைகள் போனைக் கீழே வைக்கவில்லை, வேறு செயலிக்குப் போனார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் இப்போது அரசு என்றால் கண்காணிக்கும் காவல் துறை மட்டும்தான். உதவி செய்யும் அரசும் அங்கே இருக்க வேண்டும்.

பதில் சொல்லத் தொடங்கினால் கனமான செய்திகளும் வரும். "வீட்ல இருக்க முடியல", "செத்துடலாம்னு இருக்கு" என்று இரவில் ஒரு வரி வரும். பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளையை அதோடு தனியாக விடக் கூடாது. மனநல உதவிக்கு 14416, 104, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்கள் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அதோடு எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகரும் வேண்டும். பெரியவர்கள் யாரும் சொந்தக் கணக்கிலிருந்து சிறுவர் சிறுமியரோடு தனியாகப் பேசக் கூடாது. பேச்செல்லாம் அலுவலகக் கணக்கில், குறைந்தது இரண்டு பேர் பார்க்கும்படி நடக்கட்டும். இந்த விதியை முதல் நாளே எழுதி வையுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போனது, அதில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று எழுதுங்கள். நேரில் வருபவனுக்கு மையத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது முடிவுகள் மே மாதம் வந்துவிடும். ஐடிஐ, கல்லூரிச் சேர்க்கைகளும் அதையொட்டியே நடக்கும். எங்கள் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பதும், அதிகம் ஏமாறுவதும் அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வரும் மே மாதத்துக்குள் ஒரு மண்டலத்திலாவது, ஒரு வாட்ஸ்அப் எண், சம்பளத்தோடு இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகள், ஓர் ஆலோசகர் என்று தொடங்குங்கள். தண்டையார்பேட்டை மண்டலத்தில் தொடங்குவதாக இருந்தால், பள்ளி வாரியாக எந்தக் கேள்விகள் வரும் என்று எழுதித் தரவும், வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியர்