என்வலப் ஃபில்டர் தாளத்துக்கு ஆடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினியில் இசைப்பதிவு செய்வது பற்றித் தங்கள் இணைப்பிதழில் வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரப் பகுதியில், என்வலப் ஃபில்டர் என்பது பாட்டின் வேகத்துக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் ஃபில்டர் (ஒலியின் சில அலைவெண்களை மட்டும் விடும் வடிகட்டி) என்று எழுதப்பட்டிருந்தது. உடன் வெளியான படமோ, அந்த ஃபில்டருக்கு முன்னால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை வைக்கும்படி காட்டியது. விளக்கம் பிழையானது, படத்தில் உள்ளபடி செய்தால் அந்த எஃபெக்ட்டே ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

பாட்டின் வேகத்தோடு பூட்டப்பட்டு ஒரே சீராக ஆடுவது எல்எஃப்ஓ என்ற மெதுவான அலையாக்கி. வாசிப்பவர் கையை எடுத்துவிட்டாலும் அது ஆடிக்கொண்டே இருக்கும். என்வலப் ஃபில்டரோ, உள்ளே வரும் ஒலி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் அளந்து, அந்த அளவைக் கொண்டு கட்டாஃப் அலைவெண்ணை, அதாவது வடிகட்டல் தொடங்கும் எல்லையை, ஏற்றி இறக்குகிறது. ஓங்கி மீட்டினால் ஃபில்டர் அகலத் திறக்கும். மெல்ல மீட்டினால் பாதி திறக்கும். கம்பி அடங்க அடங்கத் தானும் மூடிக்கொள்ளும். 'வா' என்ற சொல்லை மிக மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், குவிந்த உதடு திறக்கத் திறக்க ஒலி தெளிந்து வருவதைக் காதே சொல்லும். காலால் மிதிக்கும் வா-வா பெடலுக்கு அந்தப் பெயர் வந்ததும், இதை ஆட்டோ-வா என்று அழைப்பதும் அதனால்தான். சின்தசைசரிலும் என்வலப் என்று ஒன்று இருப்பதால் குழப்பம் வருவது இயல்பே. ஆனால் அது கட்டையை அழுத்தியவுடன் நாம் முன்கூட்டியே வரைந்து வைத்த வளைவை ஓட்டிக்காட்டுவது, உள்ளே வரும் ஒலியைக் கேட்டு நடப்பதல்ல.

மென்பொருள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த முறை இருந்தது. 1972-இல் வந்த மியூ-ட்ரான் 3 என்ற பெட்டியில், ஒலியின் வலிமைக்கேற்பக் கூடிக் குறைந்து எரியும் ஒரு சிறு விளக்கின் வெளிச்சம் ஒளியுணர் மின்தடையின் மீது விழ, அது ஃபில்டரை நகர்த்தியது. பாடகர் ஸ்டீவி வொண்டரின் கிளாவினெட் என்ற மின் விசைப்பலகையும் பூட்ஸி காலின்ஸின் பேஸ் கிதாரும் அதன் வழியே போய் வந்தவை. இன்றைய பிளகின்களில் (இசை மென்பொருளோடு சேர்க்கும் சிறு நிரல்களில்) காணும் லோ-பாஸ், பேண்ட்-பாஸ், ஹை-பாஸ் (தாழ்ந்த, நடு, உயர்ந்த அலைவெண்களை மட்டும் விடும்) தேர்வும், ஓங்கி வாசித்தால் கட்டாஃப் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்ற தேர்வும் அந்தப் பெட்டியிலேயே இருந்தன.

கம்ப்ரஸர் விஷயத்தில் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். பேஸ் டிராக் ஒன்றில் வழக்கம்போல் கம்ப்ரஸரை முதலில் போட்டுவிட்டு, அடுத்து என்வலப் ஃபில்டரைச் சேர்த்து, ஒரு மாலை முழுவதும், ஒலிக்கு ஃபில்டர் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை வைக்கும் சென்சிடிவிட்டியைத் திருகிக்கொண்டிருந்தேன். திரையில் கட்டாஃபைக் காட்டும் புள்ளி, முதல் சுரத்துக்கு ஒருமுறை மேலே துள்ளிவிட்டு, பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. காரணம் எளிய கணக்குதான். மெல்ல மீட்டியதற்கும் ஓங்கி மீட்டியதற்கும் 12 டெசிபல் வித்தியாசம் இருந்து, இரண்டுமே கம்ப்ரஸர் வேலையைத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டைத் தாண்டிவிட்டால், 4:1 விகிதத்தில் வெளியே வரும்போது மிஞ்சுவது 3 டெசிபல். எந்த ஏற்ற இறக்கத்தை நம்பி ஃபில்டர் அசைகிறதோ, அதை முன்னாலேயே இழைத்துத் தட்டையாக்கிவிட்டுப் பின்னால் அசைவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கம்ப்ரஸரை ஃபில்டருக்குப் பின்னால் நகர்த்தியதும் புள்ளி ஒவ்வொரு சுரத்துக்கும் வெவ்வேறு உயரத்துக்குப் போய் வந்தது.

ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனும் இதேபோல் தட்டையாக்குவதுதான் என்றாலும், ஃபில்டர் கடித்துச் சுவைக்க வேண்டிய மேல் ஹார்மானிக்குகளை (சுரத்தின் மடங்கான உயர் அலைவெண்களை) அது நிறையத் தருவதால், அதை முன்னால் வைக்க விரும்புவோரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் டிராக்கின் தூய நகல் ஒன்றை சைட்செயின் (அளப்பதற்கு மட்டும் வேறோர் ஒலியைத் தரும் வழி) வழியாக ஃபில்டருக்குக் கொடுத்துவிட்டால், அசைவு கையிலிருந்தும் நிறம் டிஸ்டார்ஷனிலிருந்தும் வந்து சேரும். பிளகினில் சைட்செயின் வசதி இருக்க வேண்டும், அவ்வளவே.

கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்ட அட்டாக் (ஒலி ஏறும்போது ஃபில்டர் அதைத் தொடர எடுக்கும் நேரம்), ரிலீஸ் (ஒலி இறங்கும்போது எடுக்கும் நேரம்) இரண்டும்தான் உண்மையில் காது கொடுத்துச் சரிசெய்ய வேண்டியவை. பேஸ் கிதாரின் தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அதாவது ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 24 மில்லிநொடி. அளக்கும் சுற்று, அலையின் மேல்பாதி கீழ்பாதி இரண்டையும் வலிமையாகவே கணக்கில் கொள்வதால், 12 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு மேடு வருகிறது. ரிலீஸை 10 மில்லிநொடியில் வைத்தால், இரண்டு மேடுகளுக்கு நடுவே அளவு சரிந்து மீண்டும் ஏற, ஃபில்டர் நொடிக்கு 82 முறை நடுங்குகிறது. அது 'வா' என்று கேட்பதில்லை, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரவென்று கேட்கிறது. நான் பெரும்பாலும் 150 முதல் 200 மில்லிநொடிக்குள் நிறுத்துவேன். இன்னும் நீட்டினால் அடுத்த சுரம் வருவதற்குள் ஃபில்டர் மூடி முடித்திருக்காது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அரையடிச் சுரங்களுக்கு இடையே இருப்பது 250 மில்லிநொடிதான். பாட்டின் வேகம் இந்த எஃபெக்ட்டுக்குள் தலைகாட்டுவது இந்த ஓர் இடத்தில் மட்டுமே. அதுவும் வாசிப்பவர் கணக்குப் பார்த்து வைப்பதால், மென்பொருள் தானாகச் செய்வதால் அல்ல.

இன்னொன்று, ஃபில்டருக்குள் போகும் ஒலியளவு மாறினால் எல்லா அமைப்பும் மாறிவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் பிளகின்கள், டிராக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னால் இருப்பதால் ஃபேடரை இழுப்பதில் கவலை இல்லை. ஆனால் பதிவான கிளிப்பின் கெயினை (ஒலி வலிமையை) 6 டெசிபல் குறைத்தால், நேற்று நன்றாகத் திறந்த ஃபில்டர் இன்று வாயைத் திறக்காது.

விளக்கத்தைத் திருத்தி எழுதத் தொடரின் ஆசிரியருக்கு நேரமும் இடமும் தேவைப்படலாம். அதுவரை, படத்தில் உள்ள இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி, அடுத்த இதழில் சிறு குறிப்புடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்