கடற்படை ஆவணங்களும் நினைவுப் பொருட்களும்: நமது சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராக நம் சேகரிப்பு வேலைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நமக்கு வந்தவற்றில் முக்கியமானது ஒரு பழைய தகரப் பெட்டி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் சிக்னல் மாலுமியாக இருந்த ஒருவருடையது. மூன்று பதக்கங்கள், ஒரு தொப்பிப் பட்டை, பணிச் சான்றிதழ், கடிதக் கட்டு, புகைப்படங்கள், ஒரு சின்ன நோட்டு. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வதாக இருந்தார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, அப்பாவின் பொருள் தம்மிடம் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். பிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்ய அனுமதி கேட்டோம். பெட்டியைத் திறந்தபடியே படம் எடுத்தோம். மேலடுக்கை எடுத்தபின் அடுத்த அடுக்கு, அதன்பின் அதற்கடுத்தது என்று எது எதன் மேல் இருந்தது, எந்த உறைக்குள் எந்தக் காகிதம் இருந்தது என்று எழுதிக்கொண்டோம்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புது உறுப்பினர்கள் கேட்டார்கள். சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. முதல் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் இருக்கும், இவற்றில் ஒன்றும் இருக்காது. தொப்பிப் பட்டையும் அப்படித்தான். அமைதிக் காலத்தில் கப்பலின் முழுப் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். போர்க்காலத்தில் ரகசியம் கருதி, பிரிட்டிஷ் அரச கப்பல் என்பதைக் குறிக்கும் ‘எச்.எம்.எஸ்.’ என்ற மூன்று எழுத்து மட்டும். ஆக, பதக்கத்தைத் தனியாகப் பார்த்தால் யாருடையது என்று தெரியாது, பட்டையைத் தனியாகப் பார்த்தால் எந்தக் கப்பல் என்று தெரியாது. இரண்டுக்கும் விடை பணிச் சான்றிதழில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தக் கப்பல் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் வெறும் எண்கள். அந்த எண்களுக்கு உரிய பெயர்கள் நோட்டில். நோட்டு ஒரு வீட்டுக்கும் படங்கள் இன்னொரு வீட்டுக்கும் போயிருந்தால், அந்த மாலுமிகள் அத்தனை பேரும் பெயரில்லாத முகங்களாகி இருப்பார்கள்.

கடைசியில் பதக்கங்கள் மூத்த மகனிடமே இருக்கின்றன. மற்றவை அனைத்தும் நம்மிடம் வந்தன. பதக்கங்கள் எங்கே இருக்கின்றன, எந்தக் காகிதங்களோடு சேர்ந்தவை என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டோம். பொருளும் அதன் காகிதமும் பிரியக் கூடாது, பிரிந்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தொடர்பாவது எழுத்தில் நிற்க வேண்டும் என்பதையே இந்த ஆண்டு முழுக்க நன்கொடையாளர்களிடம் சொல்லிவருகிறோம். விற்பனையாளர்கள் சிலர் ஒரு மாலுமியின் தொகுப்பை வாங்கி, பதக்கம் தனி, கடிதம் தனி, படம் தனி என்று விற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஒருமுறை கலைந்த தொகுப்பை மறுபடி சேர்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மாதக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது, ஆவணங்கள் எப்படிப் பிழைத்தன என்பது பற்றி. 1914 ஆகஸ்ட் 26 அன்று மாக்டபுர்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பால்டிக் கடலில் ஓடன்ஷோல்ம் தீவருகே தரைதட்டியது. அதன் சிக்னல் குறியீட்டுப் புத்தகங்கள் ரஷ்யர்கள் கையில் சிக்கின. 151 என்ற எண்ணிட்ட பிரதியை ரஷ்யா பிரிட்டனுக்குக் கொடுத்தது. லண்டனில் ‘அறை 40’ என்று அழைக்கப்பட்ட குழு ஜெர்மன் கடற்படைச் செய்திகளைப் படித்ததற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். அதே பிரதி இன்றும் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எதிரி கையில் கிடைக்காமல் கடலில் மூழ்க வேண்டும் என்பதற்காகவே ஈய அட்டை போட்ட புத்தகம் அது!

அடுத்த போரில் ஜெர்மானியர் இன்னும் எச்சரிக்கையாக, தண்ணீர் பட்டால் கரையும் மையில் அச்சிட்டார்கள். 1942 அக்டோபர் 30 அன்று யு-559 நீர்மூழ்கி மூழ்கிக்கொண்டிருந்தபோது, பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து நீந்திப் போன ஃபாசன், கிரேசியர் இருவரும் உள்ளே இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். டாமி பிரவுன் என்ற கான்டீன் பையன் அவற்றை வாங்கினான். நீர்மூழ்கி அப்படியே போய்விட்டது, அவர்கள் இருவரும் அதனோடு போய்விட்டார்கள். எனிக்மா என்ற ஜெர்மன் குறியீட்டு இயந்திரத்தின் செய்திகளை மறுபடி உடைக்க முடிந்தது அந்தப் புத்தகங்களால்தான். காப்பகத்தில் ஒரு நனைந்த தாளைத் தொடும்போது அதற்குப் பின்னால் இப்படி ஒரு விலை இருக்கலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதையொட்டி ஒரு உறுப்பினர், ஜெர்மன் கடற்படை ஆவணங்களும் ஜப்பானியக் கடற்படை ஆவணங்களும் எப்படி வேறு வேறு கதியை அடைந்தன என்று விளக்கினார். ஜெர்மன் கடற்படை தன் காப்பகத்தைப் போர் நடுவிலேயே பெர்லினிலிருந்து பவேரியாவின் தம்பாக் கோட்டைக்கு மாற்றிவிட்டது. 1945ல் அது ஏறத்தாழ முழுசாக நேச நாடுகளிடம் கிடைத்து, லண்டனில் மைக்ரோஃபிலிம் எடுக்கப்பட்டு, பிறகு ஜெர்மனிக்கே திரும்பி இப்போது ஃப்ரைபுர்க்கில் இருக்கிறது. போட்ஸ்டாமில் இருந்த ராணுவக் காப்பகமோ 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்தது. ஜப்பானில் சரணடைவு முடிவானதும் ஆவணங்களை எரிக்க உத்தரவு போனது. நாள் கணக்கில் எரித்தார்கள். தப்பியவற்றில் பலவற்றை 2001ல் தொடங்கிய ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பானிய மையம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு நாட்டின் கடற்படை பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பது, அது எவ்வளவு போரிட்டது என்பதைவிட எத்தனை பெட்டிகள் எரியாமல் தப்பின என்பதைப் பொறுத்து இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

கடிதங்கள் பற்றிய கூட்டத்துக்கு வந்தவர்கள் நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 1758ல் கலாத்தே என்ற பிரெஞ்சுக் கப்பலை பிரிட்டிஷார் பிடித்தார்கள். அதன் மாலுமிகளுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்களை பிரெஞ்சு அஞ்சல்துறை துறைமுகம் துறைமுகமாக அனுப்பிப் பார்த்தது. கப்பல் பிடிபட்டது தெரிந்ததும் கடிதக் கட்டை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கடற்படை அலுவலகம் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மீதியை முத்திரையோடு கட்டி வைத்தது. மாலுமிகள் கைக்கு அவை போகவே இல்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ரெனோ மோரியூ கியூவில் அந்தக் கடிதங்கள் இருந்த பெட்டியைக் கேட்டு வாங்கி, முத்திரைகளைப் பிரித்துப் படித்தார். 2023ல் அவருடைய ஆய்வு வெளியானது. மரி துபோஸ்க் என்ற பெண் தன் கணவர் லூயி ஷாம்ப்ரலானுக்கு எழுதிய கடிதமும் அதில் ஒன்று. அவர் எங்கே இருக்கிறார் என்றே அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அவள் இறந்துவிட்டாள். கணவர் விடுதலையானது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். தளபதிகளின் அறிக்கைகளை மட்டும் சேர்ப்பவர்களுக்கு இந்தக் கடற்படை தெரியவே தெரியாது. வீட்டுக் கடிதங்களை ‘சொந்த விஷயம், இதில் என்ன இருக்கிறது’ என்று தூக்கிப் போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அப்புறம், லாக் புத்தகங்கள், அதாவது கப்பலில் அன்றாடம் எழுதும் பதிவேடுகள். நம் எழுத்துப்பெயர்ப்புக் குழு டிஜிட்டல் நகல்களைப் படித்து எழுதும் பயிற்சியைத் தொடர்ந்தது. 2010ல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் முதல் உலகப் போர் கால பிரிட்டிஷ் கப்பல் லாக்குகளிலிருந்து காற்று, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை எடுத்தெழுதினார்கள். போருக்காக எழுதிய பக்கங்கள் பருவநிலை ஆய்வுக்குப் பயன்பட்டன. அந்த முறையே நமக்கும் வழிகாட்டி. புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1805 வரை பிரிட்டிஷ் கடற்படை லாக்கில் நாள் என்பது நண்பகலில் தொடங்கும். அதனால் டிராஃபல்கர் போர் நடந்த அக்டோபர் 21 பிற்பகல் சம்பவங்கள் பல லாக்குகளில் 22 என்ற தேதியின் கீழ் வரும். ரஷ்ய ஆவணங்களில் 1918க்கு முந்தைய தேதிகளுக்குப் பழைய நாட்காட்டி. ரஷ்யாவும் ஜப்பானும் மோதிய சுஷிமா கடற்போர் நமக்கு 1905 மே 27, அவர்களுக்கு மே 14. அட்டவணையில் ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் இன்றைய கணக்கைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதக்கங்களையும் கப்பல் மணிகளையும் பாலிஷ் போட வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகமும் கொஞ்சம் எழுத்தும் போய்விடும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். லேமினேஷனை மறுபடி பிரிக்க முடியாது. படங்களின் பின்னால் மெல்லிய பென்சில் மட்டும். பழைய ஃபிலிம் சுருளில் வினிகர் வாசனை வந்தால் உடனே தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். 1950களுக்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிம் என்று சந்தேகம் இருந்தால் எங்களிடம் கொண்டுவரவே வேண்டாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், அதற்கென்று வசதி உள்ள காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது மூழ்கிய கப்பல்களின் பொருட்கள் பற்றி. கடலடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட பொருட்களை, உரிய அனுமதிப் பத்திரம் இல்லாததால் ஏற்க மறுத்தோம். சில உறுப்பினர்களுக்கு வருத்தம் இருப்பது தெரியும். 1942ல் ஜாவா கடல் போரில் மூழ்கிய டி ரூய்ட்டர், ஜாவா என்ற டச்சுக் கப்பல்கள் கிடந்த இடத்துக்கு 2016ல் முக்குளிப்பவர்கள் போனபோது அங்கே கப்பல்களே இல்லை. இரும்புக்காக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவை நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறைகள். அந்தச் சங்கிலியில் ஒரு சின்னக் கண்ணியாகக்கூட நம் சங்கம் இருக்கக் கூடாது. முறையாக எடுப்பதற்கும் வழி இருக்கிறது. 1941 மே 24 அன்று 1,415 பேரோடு மூழ்கிய ஹூட் கப்பலின் மணியை 2015ல் அரசு அனுமதியோடு மேலே கொண்டுவந்தார்கள். உயிர் தப்பிய மூன்று பேரில் ஒருவரான டெட் பிரிக்ஸ், அந்த மணி இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னமாக வேண்டும் என்று விரும்பியிருந்தார். இப்போது போர்ட்ஸ்மத்தில் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தீர்மானம் இந்த ஆண்டின் மிகச் சரியான தீர்மானம்.

குடும்பங்களிடமிருந்து தேடல் உதவிக் கோரிக்கைகள் தொடர்ந்து வருகின்றன. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கியூவில் அதிகாரிகளின் பணிப் பதிவுகள் ஏடிஎம் (ADM, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் ஆவண வரிசை) 196ல், மாலுமிகளுடையவை ஏடிஎம் 188ல், பிற்காலக் கப்பல் லாக்குகள் ஏடிஎம் 53ல். பெயரோடு பணி எண்ணும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

வரும் ஆண்டில் தகரப் பெட்டித் தொகுப்பின் முழு அட்டவணையை முடிப்பது முதல் வேலை. கடிதங்களை ஸ்கேன் செய்து ஒரு நகலை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும், ஒரே இடத்தில் எல்லாம் இருப்பது ஆபத்து. ஓய்வுபெற்ற கடற்படையினரிடம் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்யும் பணிக்கு ஆட்கள் குறைவு. குரல் பதிவு செய்யத் தெரிந்தவர்கள், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் இருவருமே வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

பெட்டியை நம்பிக் கொடுத்த குடும்பத்துக்கும், வார இறுதிகளை அட்டவணை வேலைக்கே கொடுத்த உறுப்பினர்களுக்கும், உரை நிகழ்த்தியவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையையும் மூழ்கிய கப்பல் பொருட்கள் பற்றிய தீர்மானத்தையும் விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்